தொப்பிக்குள் ஒரு கறுப்புக் கண்ணி

ஜனவரி 8, புதன்

பஸ் பாடி கட்டும் கம்பெனியில் வீட்டுக்காரருக்குக் கொடுத்த டைரி. போன வருடத்து டைரி பிரிக்காமலே அலமாரியில் கிடக்கிறது. இதையாவது உபயோகிப்போம் என்று எடுத்தேன். பொம்மைத் தொப்பி சோதனைக்குப் போகிறது. யார் என்ன சொன்னார்கள் என்று குறித்துவைக்க ஓர் இடம் வேண்டும். வேறு எதுவும் எழுத உத்தேசமில்லை.

விஷயம் இதுதான். ஓரடி உயரப் பொம்மைகளுக்குக் குரோஷா ஊசியில் தொப்பி, கைப்பை, ஸ்கார்ஃப், ஷூ எல்லாம் பின்னி விற்கிறேன். இத்தனை நாள் பின்னிய பொருளைத்தான் விற்றேன். இப்போது எத்தனை கண்ணி, எப்படிப் பின்னுவது என்கிற பேட்டர்னையே எழுதி விற்கலாம் என்கிறார்கள். எழுதியது சரியா என்று தெரிய, நாலு பேர் அதைப் படித்து அதன்படியே பின்னிப் படம் அனுப்ப வேண்டும். அதற்கு வாட்ஸாப்பில் ஒரு குழு. நூல் மாறினால் அளவு மாறும் என்பதால் நாலு பேருக்கும் ஒரே நூலும் ஒரே ஊசியும் நானே அனுப்புகிறேன்; ஓரடிப் பொம்மை அவரவரிடம் இருக்கிறது.

தூத்துக்குடி, தாம்பரம், விருதுநகர், ஓசூர். அவர் வேலைக்குப் போகிற வழியில் கூரியரில் போட்டுவிடுவார். பார்சல்களைப் பையில் வைக்கும்போது விலாசங்களைப் படித்துக்கொண்டு நின்றார்.

"ஓசூர்ல ஆரு இது?"

"ஷர்மிளான்னு ஒரு புள்ளைங்க. புதுசா குழுவுல சேந்துருக்குது."

கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு இன்னொரு தடவை படித்தார். ஸ்டிக்கரைக் கோணலாக ஒட்டிவிட்டேனோ என்னவோ.

ஜனவரி 9, வியாழன்

தண்ணீர் வரவில்லை. ஷூ இரண்டு ஜோடி முடித்தேன்.

ஜனவரி 11, சனி

காலையில் காபி குடித்துக்கொண்டே, "ஓசூர் பார்சல் போய்ச் சேந்துருச்சா?" என்றார். நாலும் சேர்ந்துவிட்டது என்றேன். "ஓசூரும்?" என்றார். நாலில் ஓசூர் சேராதா?

மத்தியானம் அளவுப் பொம்மையைத் துடைத்து வைத்தேன். தையல் மெஷின் மேல் அதுதான் எப்போதும் உட்கார்ந்திருக்கும். நான் பின்னும் எதையும் அதற்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் வெளியே அனுப்புவேன். இடது கை பசை போட்டு ஒட்டியது. புதுப் பொம்மை வாங்கலாம்; அளவு மாறிவிடுமோ என்று வாங்கவில்லை. இது வீட்டில் இருந்த பழைய பொம்மை.

ஜனவரி 14, செவ்வாய்

பொங்கல். பால் பொங்கியது. அவர் "பொங்கலோ பொங்கல்" என்று மெதுவாகச் சொன்னார், சுவருக்குச் சொல்வது மாதிரி.

எதிர்வீட்டு ஜெகதா கரும்பைக் கடித்துக்கொண்டே வந்து நின்றாள். "ஏனுங்கக்கா, தலைப்பொங்கலாச்சே, சீரு கொண்டுட்டுப் போகலீங்களா?"

எல்லாம் தெரிந்துகொண்டேதான் கேட்கிறாள். அடுத்தவர் வாயைக் கிளறிப் பார்ப்பதில் அவளுக்கு ஒரு ருசி. "அடுப்புல வேல கெடக்குது ஜெகதா" என்று உள்ளே வந்துவிட்டேன்.

எழுத உத்தேசமில்லை என்றேன். இருந்தாலும் எழுதுகிறேன். எங்களுக்கு ஒரே பெண். போன மாசியில் ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் முடித்துக்கொண்டு போட்டோ அனுப்பினாள். பையன் நம்ம ஆளுகள் இல்லை. அவர் போட்டோவைப் பார்த்தார், போனை என்னிடமே திருப்பிக் கொடுத்தார், "இனி இந்த வூட்டுல அந்தப் பேர எடுக்கக் கூடாது" என்றார். எடுக்கவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அழுகை வரும் என்று இருந்தேன். இன்று வரைக்கும் வரவில்லை. பல் பிடுங்க ஊசி போட்டால், கன்னம் இருக்கிறதா என்று விரலால் தொட்டுத் தொட்டுப் பார்ப்போமே, அந்த மாதிரி இருக்கிறது. வலியும் இல்லை, ஒன்றும் இல்லை. சமைக்கிறேன், சாப்பிடுகிறேன், பின்னுகிறேன்.

ஜனவரி 17, வெள்ளி

முதல் படம் தூத்துக்குடி பியூலாவிடமிருந்து. தொப்பி பொம்மையின் மூக்கு வரைக்கும் இறங்கி இருக்கிறது. கூடவே குரல் பதிவு: "அக்கா, பொம்மைக்குக் கண்ணே தெரியல பாருங்க. நீங்க எழுதின மாதிரிதான் போட்டேன், ஒரு கண்ணிகூட விடல."

சாயங்காலம் தாம்பரமும் அதையே சொன்னது. விருதுநகர்க்காரி இரண்டு தடவை பிரித்துப் பின்னினாளாம். இரண்டு தடவையும் பெரிது.

எனக்குச் சுருக்கென்றது. நான் எழுதியதைப் பார்த்து நானே புதிதாக ஒன்று பின்னினேன். அளவுப் பொம்மைக்கு நெற்றியில் கச்சிதமாக உட்கார்ந்தது. அதே நூல், அதே ஊசி, அதே கண்ணிகள். என் பேட்டர்னில் தப்பில்லை. மறுபடி நிதானமாகப் பின்னிப் பாருங்கள் என்று குழுவில் போட்டேன். கொஞ்சம் முறைப்பாகத்தான் போட்டேன்.

ஜனவரி 18, சனி

"ஓசூர்ல இருந்து படம் வந்துச்சா?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். இருபத்தைந்து வருடமாக நான் என்ன பின்னுகிறேன் என்று திரும்பிப் பார்க்காத மனுஷன்.

ஜனவரி 20, திங்கள்

பாடி கட்ட வேண்டிய சேஸிஸ் எடுத்துவர ஓசூர் போயிருக்கிறார். வெறும் சேஸிஸை ஓட்டிக்கொண்டு வர டிரைவர்கள் இருக்கிறார்கள். மேனேஜரான இவர் போக வேண்டிய வேலையே இல்லை. போன ஆடியிலிருந்து ஒவ்வொரு தடவையும் இவரே கூடப் போகிறார். கேட்டால் "வேல இருக்குது" என்பார். வீட்டில் இருக்கப் பிடிக்கவில்லை போலிருக்கிறது. எனக்கு அதிலும் ஒன்றும் தோன்றவில்லை.

ஜனவரி 21, செவ்வாய்

அவர் காலையில் வந்தார். இட்லி வைத்தேன், ஒன்றைப் பிட்டுவிட்டு எழுந்துவிட்டார். "வழியில வெறும் டீயாக் குடிச்சுப்போட்டேன்" என்றார்.

பத்து மணிக்கு மேல் ஷர்மிளாவின் படம் வந்தது. தொப்பி சரியாக இருக்கிறது. நெற்றியில், புருவத்துக்கு மேலே, என் பொம்மைக்கு உட்கார்ந்த அதே இடத்தில். கீழே, "சரியா வந்திருக்கு மேடம்" என்று மட்டும் எழுதியிருந்தாள்.

பார்த்தீர்களா, பேட்டர்ன் சரிதான் என்று குழுவில் போட்டேன். ஜெயித்த மாதிரி இருந்தது. அது கொஞ்ச நேரம்தான். பியூலா படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு ஒரு சந்தேகம் கிளப்பினாள். எங்கள் தொப்பியில் கண்ணிகள் எல்லாம் டிக் அடித்த மாதிரி இருக்கின்றன, ஷர்மிளா தொப்பியில் பெருக்கல் குறி மாதிரி இருக்கின்றன, அக்கா பின்னும்போது கையை வீடியோ எடுத்துப் போடுங்கள் என்றாள்.

எடுத்துப் போட்டேன். உடனே குரல் பதிவு: "அக்கா, நீங்க நூலத் தலைகீழால்லா எடுக்கீங்க!"

ஜனவரி 22, புதன்

விளங்கிவிட்டது. ஊசியைக் கண்ணிக்குள் விட்டதும் நூலை ஊசியின் மேல் சுற்றி இழுக்க வேண்டுமாம். நான் ஊசியை நூலுக்கு மேல் கொண்டுபோய், அமுக்கிப் பிடித்து, கீழிருந்து இழுக்கிறேன். அப்படிச் செய்தால் கண்ணி இறுகிச் சின்னதாகிவிடும், பெருக்கல் குறி மாதிரித் தெரியும். மற்றவர்கள் சரியாகப் போட்டார்கள், அதனால் பெரிதாக வந்தது.

எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு பத்திரிகையில் வந்த படத்தைப் பார்த்துப் பழகினேன். படத்தில் கை எந்தப் பக்கம் போகிறது என்று எப்படித் தெரியும்? கல்யாணமான புதிதில் ஆரம்பித்தது, இத்தனை வருடமும் தலைகீழாகவே போட்டிருக்கிறேன்.

இப்படிப் போடுகிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு என்று பியூலா ஆறுதல் சொன்னாள். அப்படியானால் ஷர்மிளாவும் அவர்களில் ஒருத்தி. இருக்கலாம்.

இருக்கலாம். ஆனால் என் பக்கத்தில் உட்கார்ந்து, என் கையைப் பார்த்தே பழகியவள் ஒருத்திதான். அவளுக்கும் இப்படித்தான் வரும்.

ஜனவரி 24, வெள்ளி

தொப்பியை உள்பக்கம் திருப்பிப் படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் குழுவில் போட்டேன். நூல் முனைகளை எப்படி மறைத்திருக்கிறார்கள் என்று பார்ப்பதற்காக. இது எல்லோரும் கேட்கிற சோதனைதான்.

ஜனவரி 26, ஞாயிறு

ஷர்மிளாவின் தொப்பியின் உள்பக்கம். உச்சியில், வெள்ளை நூலுக்கு நடுவே, கறுப்பு நூலில் ஒரே ஒரு கண்ணி.

என் பேட்டர்னில் கறுப்பு கிடையாது. நான் அனுப்பிய நூலிலும் கறுப்பு கிடையாது.

எங்கள் பெண்ணுக்கு எட்டு ஒன்பது வயது இருக்கும்போது இந்த அளவுப் பொம்மையின் கை உடைந்தது. ஜெகதா வந்து "பொம்மைக்கு எத்தன அழகுத் துணி" என்று சொல்லிவிட்டுப் போன மறுநாள் உடைந்தது. கண்ணு பட்டுருச்சு, அதற்குத் திருஷ்டிப் பொட்டு வை என்று ஒரே அழுகை. பிளாஸ்டிக் கன்னத்தில் மை நிற்கவில்லை. அதனால் தொப்பிக்கு உள்ளே, வெளியே தெரியாமல், கறுப்பு நூலில் ஒரு கண்ணி போட்டுக் கொடுத்தேன். அதற்குப் பிறகு நான் பின்னும் எதிலும் உள்பக்கம் அப்படி ஒன்று இருக்கும். வாங்குகிறவர்களுக்குச் சொன்னதில்லை. அவர்கள் திருப்பிப் பார்ப்பதுமில்லை.

கைப்பழக்கத்தில் மறந்துபோய்ப் போட்டாளா, நான் பார்க்கட்டும் என்று போட்டாளா தெரியவில்லை.

இட்லிக்கு ஊறப்போட்டேன். உளுந்து பழசு, வாடை வருகிறது.

ஜனவரி 27, திங்கள்

குழுவில் எல்லோருக்கும் நன்றி சொன்னேன். ஷர்மிளாவுக்கும் அதே நன்றிதான்.

ஜனவரி 30, வியாழன்

ஸ்கார்ஃப் மூன்று. கேஸ் சிலிண்டர் வந்தது.

பிப்ரவரி 2, ஞாயிறு

அடுத்த சோதனை கைப்பை. விரலில் மாட்டிப் பிடித்தால்தான் அளவு தெரியும் என்பதால் கையோடு படம் கேட்டிருந்தேன். ஓசூர்ப் படமும் வந்தது. ஆள்காட்டி விரலில் சின்னக் கைப்பை தொங்குகிறது. சரியான அளவு.

படத்தைப் பெரிதாக்கினேன். விரல் கொஞ்சம் வீங்கியிருக்கிறது. மணிக்கட்டிலிருந்து படம் முடிகிற இடம் வரைக்கும் கண்ணாடி வளையல். பச்சையும் சிவப்பும் மாற்றி மாற்றி அடுக்கியது.

யாரும் வீட்டில் சும்மா இருக்கும்போது அவ்வளவு வளையல் போட்டுக்கொள்ள மாட்டார்கள். வளைகாப்புக்குத்தான் போடுவார்கள். தாய்வீட்டிலிருந்து சோறு கட்டிக்கொண்டு போய், வளையல் அடுக்கி, பிரசவத்துக்குக் கையோடு கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதுதான் வழக்கம். யார் போட்டுவிட்டார்களோ. பக்கத்து வீட்டுக்காரர்களாக இருக்கும். ஷர்மிளா என்று நிஜமாகவே ஒரு சிநேகிதி இருக்கலாம், அவள் போட்டிருப்பாள். நன்றாகத்தான் அடுக்கியிருக்கிறாள்.

அவர் கதவோரம் நின்றுகொண்டிருந்தார். எப்போது வந்தார் என்று தெரியாது. "ஓசூர்ப் படமா?" என்றார். போனைக் கவிழ்த்துவிட்டேன்.

"பை நல்லா வந்துருக்குதா?"

"வந்துருக்குதுங்க."

"செரி" என்று சொல்லிவிட்டும் அங்கேயே நின்றார். பிறகு வாசலில் காய்ந்த துணியை எடுத்துவந்து மடிக்க ஆரம்பித்தார். என் புடவையை மடிக்கத் தெரியாமல் சுருட்டி வைத்தார்.

பிப்ரவரி 4, செவ்வாய்

ஊசி கையில் இருக்கிறது, பின்னல் நகரவில்லை.

பிப்ரவரி 5, புதன்

குழுவில் போடாமல் ஷர்மிளாவின் எண்ணுக்குத் தனியாக எழுதினேன். என்ன எழுதுவது என்று யோசித்து யோசித்து அழித்து, கடைசியில் ஒரே வரிதான் போனது: "எத்தனாவது மாசம்?"

பதில் வரச் சற்று நேரமானது. பாத்திரம் கழுவிவிட்டு வந்து பார்த்தேன்.

"ஏழு முடிஞ்சிருச்சும்மா."

மேடம் என்று எழுதவில்லை.

கேட்க வேண்டியது எவ்வளவோ இருக்கும்போது, நாம் ரெண்டு பேரும் நூலைத் தலைகீழாக எடுக்கிறோமாம், பியூலா கண்டுபிடித்தாள் என்று எழுதினேன். "தெரியும்மா. காலேஜுலயே சொன்னாங்க. மாத்திக்கப் புடிக்கல" என்று பதில் வந்தது.

பிப்ரவரி 8, சனி

சாப்பிடும்போது சொன்னேன். முன்கூட்டி யோசிக்கவில்லை, ரசம் ஊற்றிக்கொண்டே வந்துவிட்டது.

"தாரணியைப் போய்ப் பாத்துட்டு வரோணுங்க."

பேர் வாயிலிருந்து வந்ததும் வீட்டில் ஏதாவது ஆகும் என்று நினைத்தேன். ஃபேன் சுற்றிக்கொண்டுதான் இருந்தது. அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார், பிசைந்து முடித்த பிறகும்.

"எப்பப் போற?"

"நாளைக்குங்க."

"சேலத்துல பஸ்ஸு மாறோணும். கூட்டமா இருக்கும். ஒண்டியாப் போக வேண்டாம்."

எந்த ஊர் என்று கேட்கவில்லை. தட்டை அவரே எடுத்துப்போய்க் கழுவினார்.

பிப்ரவரி 9, ஞாயிறு

ஓசூரில் இருந்து எழுதுகிறேன். டைரியையும் பையில் போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

விடியும் முன்பே எழுந்து புளிச்சோறு, எலுமிச்சஞ்சோறு, தேங்காய்ச்சோறு, தயிர்ச்சோறு கட்டினேன். வளைகாப்பு முடிந்துபோன பெண்ணுக்குக் கட்டுச்சோறு எதற்கு என்று தெரியவில்லை. ஆனாலும் கட்டினேன். வளையல் நேற்றே ஜவஹர் பஜாரில் வாங்கிவிட்டேன். பஸ்ஸில் தூக்குவாளியை அவர் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார்.

ஆட்டோக்காரனுக்கு அவரே வழி சொன்னார். விலாசம் எழுதிய சீட்டு என் கையில் இருந்தது. அவர் கேட்கவில்லை. தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தி, "நீ போ. நா இங்கயே நிக்கறேன்" என்று டீக்கடைப் பக்கம் போய்விட்டார்.

மாடி வீடு. கதவைத் தட்டினேன். அவள்தான் திறந்தாள். முகம் கொஞ்சம் உப்பியிருக்கிறது. வயிறு பெரிது. அந்தப் பையன் பின்னாலிருந்து "வாங்கத்தை" என்று சொல்லிவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் சமையலறைக்குள் போய்விட்டான்.

நானும் அவளும் நின்றுகொண்டே இருந்தோம். தூக்குவாளி கனத்தது.

"தொப்பி சரியா வந்துருந்துச்சாம்மா?" என்றாள்.

"எல்லாருக்கும் பெருசாத்தான் வந்துச்சு. உனக்கு மட்டுந்தான் சரியா வந்துச்சு."

அவள் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஒரு சத்தம் போட்டாள். எனக்கு அப்போதும் ஒன்றும் வரவில்லை. மரக்கட்டை மாதிரி நின்றேன். அவள் என் தோளுக்கு மேல் தெருவை எட்டிப் பார்த்தாள்.

"அப்பா டீக்கடையிலயே நின்னுக்கிட்டாராம்மா? எப்பவும் அங்கதான் நிப்பாரு."

"எப்பவும்னா?"

"மாசத்துக்கு ஒருக்கா வருவாரு. டீய வாங்கி வெச்சுக்கிட்டு இந்த ஜன்னலயே பாத்துக்கிட்டு நிப்பாரு. நா வெளிய வந்தா மூஞ்சியத் திருப்பிக்குவாரு. போன மாசம்கூட வந்தாரே. உங்கிட்டச் சொல்லலியா?"

அப்போது வந்தது. கோபம். ஒரு வருடமாக வராதது எல்லாம் சேர்ந்துகொண்டு காலிலிருந்து ஏறியது. தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் படி இறங்கித் தெருமுனைக்குப் போனேன். அவர் கையில் கிளாஸோடு நின்றார்.

"நா அவ பேர எடுக்கக் கூடாது. நீங்க மட்டும் மாசா மாசம் வந்து பாக்கலாமுங்களா? வயிறு தெரிஞ்சுதுல்ல? தெரிஞ்சும் வூட்டுக்கு வந்து இட்லியப் பிட்டுப் பிட்டு வெச்சீங்களே, ஒரு வார்த்த சொன்னீங்களா?"

டீக்கடையில் எல்லோரும் திரும்பினார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இன்னும் பேசினேன். என்ன பேசினேன் என்று முழுக்க நினைவில்லை. அவர் தலையைக் குனிந்துகொண்டு கேட்டார்.

"பாக்கத்தான் பாத்தேன்" என்றார். "பேசலியே."

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுத்தெருவில், வெறுங்காலோடு, முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவர் டீயைக் கீழே ஊற்றிவிட்டுப் பக்கத்தில் வந்து நின்றார். "கால் சுடும், வா" என்றார். அப்போதுதான் தார் ரோடு சுடுவது தெரிந்தது.

இரண்டு பேரும் சேர்ந்து படி ஏறினோம். அவர் வாசலில் செருப்பைக் கழற்ற ரொம்ப நேரம் எடுத்துக்கொண்டார்.

பிப்ரவரி 13, வியாழன்

நேற்றுக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டோம். மாப்பிள்ளை சனிக்கிழமை சனிக்கிழமை வருவார். ஜெகதா வாசலில் நின்று வயிற்றையே பார்த்தாள். "ஆம்பளப் புள்ளதான்" என்றாள். சாயங்காலம் தாரணியை உட்காரவைத்து உப்பு சுற்றிப் போட்டேன். ஜெகதாவின் கண்ணை நம்ப முடியாது.

அவர் வாசலில் உட்கார்ந்து பேப்பர் படிக்கிறார். படிக்கவில்லை, உள்ளே பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். மகளிடம் இன்னும் இரண்டு வார்த்தைதான் பேசியிருக்கிறார்: ஒன்று "சாப்ட்டயா", இன்னொன்றும் "சாப்ட்டயா". பேசட்டும், மெதுவாக.

பேட்டர்ன் திருத்தி முடிந்தது. பியூலாவுக்கு முதலில் அனுப்பினேன். நூலை இரண்டு விதமாக எடுப்பதற்கும் தனித்தனிக் கணக்கு எழுதியிருக்கிறேன். படம் தாரணி வரைந்தது. பொம்மை அவள் மடியில் கிடக்கிறது. தொப்பியைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "கறுப்புக் கண்ணிய எழுதலியாம்மா?" என்று கேட்டாள்.

எழுதவில்லை. அது நாங்கள் போட்டுக்கொள்வது.